உப்பு விழாத வட்டம்

டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை, வெண்பனி பொழியக் காத்திருக்கும் எங்கள் குழுவில் யாரும் ‘பனி’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ‘அவள்’ என்றுதான் சொல்வோம். அவள் வருவாளா, வந்தால் தங்குவாளா, மலையடிவாரத்தோடு திரும்பிவிடுவாளா. இல்வாவின் பாருக்குள் முதல்முறை நுழைகிறவர், யார் வீட்டு மருமகளோ கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அதைத்தான் இத்தனை பேர் கூடிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

பெயரைச் சொன்னால் வர மாட்டாள். மண்வாரியை முன்கூட்டியே எடுத்து வைத்தால் வர மாட்டாள். வழுக்காமலிருக்கக் கார்ச் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கினால் வர மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேல், உப்பு. தரை உறையாமலிருக்க நகராட்சி வண்டி சாலையில் உப்புத் தூவுவதைக் கண்டால் ஊர் எல்லையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். இதையெல்லாம் நம்புகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. தலைவர் எர்மெஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். லாம்பெர்தோ மருந்துக்கடை வைத்திருக்கிறார், நகராட்சியில் சாலைகளுக்குப் பொறுப்பான கவுன்சிலரும் அவர்தான். நான் பொலோஞ்ஞாவில் வளிமண்டல இயற்பியல் படித்தவள். நானும் ஒருநாள்கூட மண்வாரியை முன்கூட்டி எடுத்து வைத்ததில்லை.

எங்களுக்கு ஒரு முகநூல் பக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான்தான் தொடங்கினேன். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுவார்கள். வெயில், மூடுபனி, ஆலங்கட்டி எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவோம். அவள் விஷயத்தில் மட்டும் பொய். அவள் வருவதற்கான அறிகுறி தெரிந்தால் ‘மழை’ என்று எழுதுவது வழக்கம். நம்பிக்கை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அலட்சியமாக எழுத வேண்டும். ‘சாதாரண மழை, குடை போதும்’ என்று எர்மெஸ் எழுதினால் அன்று அவர் தூங்கப் போவதில்லை என்று அர்த்தம். இது குழுவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

என் அப்பாவுக்கும் தெரியாது. அவர் பெயர் அதெல்மோ. நகராட்சியின் உப்பு வண்டியை ஓட்டுகிறவர். கவுன்சிலர் போன் செய்தால்தான் வண்டியை எடுக்கலாம். போன் வரும்வரை குளிர்காலம் முழுவதும் கால்சட்டையைக் கழற்றாமல் படுத்திருப்பார். போன வருடம் ஒரு காலையில் வாய்க்கால் பாலம் உறைந்துபோய், பேக்கரியில் வேலை செய்யும் பெண் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். முந்தின இரவு போன் வரவேயில்லை. ஆனால் விசாரணை என்று வந்தபோது, தரை உறைந்திருப்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரே கேட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கடைசி எச்சரிக்கை என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு முறை யாராவது விழுந்தால் வேலை போய்விடும். அவர் வயதுக்கு வேறு யாரும் வேலை தர மாட்டார்கள்.

இந்த ஜனவரியில் வாரம் முழுக்கக் குளிர் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் சமவெளி மூன்று பக்கமும் மலை நிற்கும் ஒரு தட்டு. குளிர்ந்த காற்று உள்ளே இறங்கினால் ஆறிப்போன கஞ்சி மாதிரி அடியிலேயே கிடக்கும், யாரும் கிளறி எடுக்க முடியாது. தரை இரும்பாகிவிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கடல்பக்கமிருந்து ஈரக்காற்று கிளம்பியது. அது குளிரின்மேல் மெல்ல ஏறிவந்தால் அவள் வருவாள். கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்போடு வந்துவிட்டால் அவள் வழியிலேயே கரைந்து, மழையாக விழுந்து, தரையைத் தொட்டவுடன் கண்ணாடியாக உறைந்துவிடுவாள். இரண்டில் எது என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் உப்பு வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை.

அன்று சாயங்காலம் நான் பாருக்குப் போனபோது எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் சீட்டைப் பிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சதுக்கத்தின் மஞ்சள் விளக்கு தெரிகிற மேசையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுக்க வெள்ளை விளக்குகள் மாற்றியபோது, இந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி நாங்கள் மனுக் கொடுத்தோம். மஞ்சள் வெளிச்சத்தில்தான் முதல் துகள் தெரியும்.

“என்ன டாக்டரம்மா,” என்றார் எர்மெஸ். “உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் டாக்டர்தான். லாம்பெர்தோவை அப்படிக் கூப்பிடும்போது அது மரியாதை. உப்பு வண்டி ஓட்டுகிற அதெல்மோவின் மகளைக் கூப்பிடும்போது அது கேலி.

“குடை போதும்,” என்றேன்.

மேசையைச் சுற்றி எல்லா முகமும் மலர்ந்தது. எர்மெஸ் கண்ணை மூடித் திறந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லோரிஸ் அதிர்ஷ்டம் கெடாமலிருக்க மேசையின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டான்.

“எம் பொண்டாட்டி இருக்காளே,” என்றான் லோரிஸ், “நேத்து மண்வாரியத் தொடச்சு, எண்ணெய் போட்டு, வாசல்ல சாத்தி வெச்சிருக்கா. எனக்கு உசுரே போச்சு. தூக்கிட்டு ஓடிக் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி ஒளிச்சேன்.”

“யாராச்சும் பாத்தாங்களா?” எர்மெஸ் நிஜமாகவே கவலைப்பட்டார்.

“கோழிங்க பாத்துச்சு.”

“கோழி பாத்தாப் பரவால்ல.”

இல்வா கவுண்டரிலிருந்து கத்தினாள். “அவ கடைசியா வந்தப்ப எனக்கு முட்டிவலியே கிடையாது. இப்ப ரெண்டு முட்டியும் போச்சு. இந்த ஒரு கிளாஸ வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருஷம்பா உக்காருவீங்க? அவ வராட்டிப் போறா, ரெண்டாவது பாட்டிலாவது வரட்டும்.”

லம்ப்ருஸ்கோ ஒயின் வந்தது. லாம்பெர்தோ எல்லோருக்கும் ஊற்றினார். அவர் கைகள் சுத்தமானவை, நகம் வெட்டியவை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவர் உப்பு வண்டியை அனுப்பிய இரவு வெறும் மழை பெய்தது. அதன்பிறகு ஒரு வருடம் முழுக்க அவரை ‘உப்புக்காரர்’ என்று கூப்பிட்டார்கள். அவருடைய கடைக்கு வந்த யாரோ சமையல் உப்புப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

நான் அவரைக் கேட்டேன். “டாக்டர், அப்பாவுக்குப் போன் போட்டீங்களா?”

சாவு வீட்டில் யாரோ பாட்டுப் பாடியதுபோல் எர்மெஸ் என்னைப் பார்த்தார்.

“இங்க வேண்டாமே அந்தப் பேச்சு,” என்றார் லாம்பெர்தோ.

“வேற எங்க பேசறது? உப்ப வண்டியில ஏத்தறதுக்கே ஒரு மணிநேரம் ஆகும். இப்பச் சொன்னாத்தான் சரியா இருக்கும்.”

“முகநூல் பக்கத்துல மழைன்னுதானே போட்டிருக்கு.”

“அத எழுதினவர் உங்க பக்கத்துல உக்காந்திருக்கார். எதுக்கு எழுதினார்னு உங்களுக்குத் தெரியாதா?”

லாம்பெர்தோ குரலைத் தாழ்த்தினார். “பாரும்மா. முதல் துகள் அந்த விளக்கடியில தெரியட்டும். தெரிஞ்ச நிமிஷமே போன் போடறேன்.”

“போன வருஷமும் விளக்கடியில என்னமோ தெரியட்டும்னுதான் உக்காந்திருந்தீங்க.”

“போன வருஷம் வேற.”

“ஒண்ணும் வேற இல்ல. பேக்கரிப் பொண்ணு இன்னும் குச்சி ஊனித்தான் நடக்கறா.”

எர்மெஸ் என் கைமேல் கை வைத்தார். வறண்ட, இலேசான கை. “நொயெமி, அவ நம்ம ஊருக்கு வந்து எத்தன வருஷமாச்சு? எனக்கு இன்னும் எத்தன வருஷம் இருக்குன்னு நெனைக்கற? ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி விட்டுக் குடு. விடிஞ்சதும் எல்லாரும் கண்ணால பாத்துடலாம். அப்புறம் உங்கப்பா ஊர் முழுக்க உப்பக் கொட்டட்டும், யாரு வேண்டாங்கறா?”

“பாக்கறது நீங்க. அடி வாங்கறது எங்கப்பா.”

“யாரு அடிச்சா அவர?” லாம்பெர்தோவுக்கு முகம் சிவந்தது. “அதெல்லாம் ஒரு சடங்கு. கோப்புல ஒரு தாள் இருக்கணும்னு போட்டது. அவர் மேல எங்க எல்லாருக்கும் எவ்வளவு மரியாதை.”

“அந்தத் தாள்ல கடைசி எச்சரிக்கைன்னு இருக்கு டாக்டர். கீழ உங்க கையெழுத்து இருக்கு. மரியாதைன்னு எங்கயும் இல்ல.”

லோரிஸ் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டப் போகிறவன் அவன்தான். அவனுக்கும் அவள் வர வேண்டும்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலும்புச் சாற்றில் மிதக்கிற கப்பெல்லெத்தி, கறி பொதிந்த சின்ன மாவுக் கொழுக்கட்டைகள். தட்டுக்கு அந்தப் பக்கம் ரொட்டி, இந்தப் பக்கம் போன். அம்மா அடுப்புப் பக்கம் முதுகைச் சூடாக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

“வண்டிய எடுத்துட்டுப் போங்கப்பா. இன்னிக்கு வேணும்.”

“சொன்னாங்களா?”

“நான் சொல்றேன்.”

அப்பா ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. “நீ சொன்னா ஆச்சா? உத்தரவில்லாம எடுத்தா அதுக்கு ஒரு தாள் நீட்டுவாங்க. எடுக்காம இருந்தா இன்னொரு தாள். எடுக்காம வாங்கற தாளுக்குக் குளிர்ல நிக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

“நீங்களே போன் போட்டுக் கேளுங்க. கேட்டிருக்கணும்னு அன்னிக்குச் சொன்னாங்கல்ல?”

“கேட்டேனே. ஆறு மணிக்கே கேட்டேன். முகநூல் பக்கத்துல மழைன்னு போட்டிருக்கு அதெல்மோ, நிம்மதியாத் தூங்குங்கன்னாரு.” சாற்றை உறிஞ்சினார். “நானும் பாத்தேன். மழைன்னுதான் இருக்கு. நீ எழுதினதா?”

“இல்ல. எர்மெஸ்.”

“சர்வேயர் எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்றார் அப்பா.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் செய்தேன். தர்மம், பொதுநலன் என்றெல்லாம் பிற்பாடு பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. என்னைப் படிக்கவைக்க அப்பா ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் கிளை வெட்டினார். அவர் நம்பிக்கை வைக்கிற எழுத்து, அவரை ஏமாற்றுவதற்கென்றே எழுதப்பட்டது. அதை எழுதியவரை அவர் மரியாதையாகச் சர்வேயர் என்கிறார்.

சமையலறையில் நின்றபடியே முகநூல் பக்கத்தில் எழுதினேன்.

‘இன்றிரவு பனி. அல்லது உறைமழை. எது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் காலையில் சாலை கண்ணாடிதான். மாலையில் வந்த மழை அறிவிப்பு வேண்டுமென்றே எழுதிய பொய். இந்தப் பக்கத்தில் பனி வரும் என்று நினைக்கும்போதெல்லாம் மழை என்றுதான் எழுதுவோம். உப்பு போட்டாயிற்றா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.’ கீழே என் முழுப்பெயர்.

முதலில் எர்மெஸின் போன்தான் வந்தது.

“எழுதிட்டியா.”

“எழுதிட்டேன்.”

“அந்த வார்த்தைய. ரெண்டு தடவ.”

“மூணு தடவன்னாலும் எழுதுவேன்.”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் வைத்துவிட்டார்.

அதற்குள் முகநூல் பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பள்ளிக் குழந்தைகளின் தாய்மார்கள்தான் அதிகம். ‘அப்படியானால் டிசம்பரில் குடை போதும் என்றீர்களே?’ என்று ஒருத்தி. ‘என் மாமியார் இதைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கப் போனார்’ என்று இன்னொருத்தி. லாம்பெர்தோவின் வீட்டு எண், கடை எண், கைப்பேசி எண் மூன்றையும் யாரோ வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அப்பா பேரிக்காயின் தோலைச் சீவிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது.

“சொல்லுங்க டாக்டர். சரி. சரி. பாலம் மொதல்ல, சரி. எல்லாத் தெருவுமா? சரி டாக்டர்.” போனை வைத்துவிட்டுப் பேரிக்காயைப் பாதியோடு அம்மாவிடம் கொடுத்தார். பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே என்னைக் கேட்டார். “உங்க விளக்கடிலயும் போடணுமா?”

“ஏன்?”

“சர்வேயர் எப்பவோ கேட்டாரு. எங்க வேணா போடுங்க அதெல்மோ, அந்த வெளிச்சம் விழற எடத்த மட்டும் விட்டுடுங்கன்னு. பாவம், அவருக்கு வேற என்ன இருக்கு.”

எர்மெஸ் போனில் விட்ட மூச்சு என் காதிலேயே இருந்தது.

“விட்டுடுங்க,” என்றேன்.

வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும் சத்தமும், அதன்பிறகு உப்பு தார்ச்சாலையில் சடசடவென்று சிதறும் சத்தமும் கேட்டன. மழைக்கு முன்னால் விழும் பெரிய துளிகள் போன்ற சத்தம். நான் தூங்கிவிட்டேன்.

விடிவதற்குள் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அவள் வரவில்லை. மெல்லிய மழை. திராட்சைக் கம்பி, வேலி, அம்மா கொடியில் மறந்துவிட்ட துண்டு, எல்லாவற்றின்மேலும் கண்ணாடி ஏறியிருந்தது. துண்டைத் தொட்டால் தகரம். மேலே வெதுவெதுப்பு ஜெயித்திருந்தது, கீழே குளிர் தோற்கவில்லை. சாலை மட்டும் கறுப்பாக, சாதுவாக ஈரமாக இருந்தது. தூரத்தில் லோரிஸின் பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறி, இறங்கி, போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லை, ஒரு வழுக்கலும் இல்லை.

சதுக்கத்துக்குப் போனேன். விளக்கின் கீழ் எர்மெஸ் உட்கார்ந்திருந்தார். நடு வட்டத்தில், காலை நீட்டி, பக்கத்தில் கவிழ்ந்த குடையோடு. சுற்றிலும் நனைந்த கல்தரை. அவரைச் சுற்றி மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் பளபளக்கும் ஒரு பனிக்கட்டித் தட்டு. வெளிச்சம் எதுவரை விழுந்ததோ சரியாக அதுவரை அப்பா விட்டுவைத்திருந்தார்.

அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வாளி உப்பு.

“கை போச்சுன்னு நெனைக்கறேன்,” என்றார் எர்மெஸ், பொதுவாக.

“அசையாதீங்க சர்வேயர். நான் போட்டுக்கிட்டே வர்றேன்.”

“வேண்டாம் அதெல்மோ. போடாதீங்க.”

“போடாம உங்கள எப்படித் தூக்கறது? நானும் உங்க பக்கத்துல வந்து உக்காரவா?”

எர்மெஸ் யோசித்தார். “கொஞ்சமாப் போடுங்க.”

அப்பா கோழிக்குத் தீனி போடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக எறிந்து, ஒவ்வொரு அடியாக உள்ளே போனார். எர்மெஸ் அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கும்போது என்னிடம் சொன்னார், “ரெண்டு துகள் வந்துச்சு. நான் பாத்தேன். உங்கப்பா வண்டி அந்தப் பக்கம் திரும்பினதும் நின்னுபோச்சு.”

மணிக்கட்டில்தான் முறிவு. கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாளே பாருக்கு வந்துவிட்டார். மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் அவள் ஒரு சாண் உயரத்துக்கு வந்துபோயிருந்தாள். போட்டோக்களை மேசையில் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் என்மேல் கோபமாகப் பேசவில்லை. எனக்கு நாற்காலிகூட நகர்த்திக் கொடுத்தார்கள்.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்தப் பொம்பள வருவா,” என்றான் லோரிஸ், என்னைப் பார்க்காமல்.

“உன் பேருந்து பாலத்தத் தாண்டிச்சா இல்லையா?”

“தாண்டிச்சு. அதுக்கென்ன? மழையில தாண்டாதா?”

அந்தப் பாலத்தில் யாரும் விழவில்லை. விழாதவர்களைப் போட்டோ எடுத்துக் காட்ட முடியாது. நகராட்சிக் கூட்டத்தில், தக்க சமயத்தில் முடிவெடுத்ததற்காக லாம்பெர்தோவுக்கு மேயர் நன்றி சொன்னார். அப்பாவின் கடைசி எச்சரிக்கை கோப்பில் அப்படியே இருக்கிறது. பக்கத்தின் கடவுச்சொல்லை எர்மெஸ் மாற்றிவிட்டார், இடது கையால்.

இருந்தும் நான் பாருக்குப் போவதை நிறுத்தவில்லை. எனக்கும் அவள் வர வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் குளிர் மறுபடி இறங்கியது. எர்மெஸ் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“டாக்டரம்மா, வியாழக்கிழமை எப்படி?”

எல்லோரும் காத்திருந்தார்கள். குடை போதும் என்று நான் சொல்ல வேண்டும்.

“பனி வரும்னு நெனைக்கறேன்,” என்றேன்.

இல்வா கவுண்டரில் ஒரு கிளாஸைச் சத்தமாக வைத்தாள். லோரிஸ் மேசையின் காலைத் தொட்டான். எர்மெஸும் நல்ல கையால் தொட்டார். லாம்பெர்தோ மட்டும் எதையும் தொடவில்லை. கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, சிகரெட் பிடிக்காத மனிதர், சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே போனார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் கூப்பிட்டாரு,” என்றார். “இந்தத் தடவ நான் கேக்கறதுக்கு முன்னாடியே. வியாழக்கிழமை எல்லாத் தெருவுக்கும் போடணுமாம். ஆனா பாருல யாருக்கும் தெரிய வேண்டாமாம். விளக்கடியில மட்டும் வேண்டாமாம்.”

“என்ன சொன்னீங்க?”

“சரி டாக்டர்னு சொன்னேன்.” பூட்ஸைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். “அங்கதான் மொதல்ல போடப் போறேன்.”